நான் காணாத குறிஞ்சி

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பற்றி வானொலியில் உரையாற்ற வருகின்றவர்கள் பெரும்பாலும் தமக்கு நன்கு தெரிந்த பொருளையே எடுத்துக்கொள்வார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ, பல ஆண்டுகளாகப் படிப்பித்தும் எனக்குத் தெரியாதிருந்த ஒரு பொருள். குறிஞ்சிப் பூ என்பதே அது. அதனை எனக்குத் தெரியவைத்தவன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன். அவனுக்கு நான் செய்த பிழையிலிருந்தே இந்த உரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

2012ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பில் ஐந்திணைப் பாகுபாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தமிழாசிரியர் எல்லோரும் செய்வதைப் போலவே கரும்பலகையில் கட்டம் கீறி, குறிஞ்சி என்று எழுதி, அதன் எதிரே மலையும் மலை சார்ந்த இடமும், தெய்வம் முருகன், பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல் என்று வரிசைப்படுத்தினேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். விடுதியில் தங்கிப் படித்த மலையகத்து மாணவன் ஒருவன் பின் வாங்கில் இருந்து எழும்பினான்.

"சேர், குறிஞ்சிப் பூ எப்பிடி இருக்கும்?"

"நீல நிறம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருக்காப் பூக்கும்."

"எங்க தோட்டத்துக்கு மேல இருக்கிற காட்டுல அப்பிடி ஒன்னு இருக்குங்க சேர். நெலுன்னு சொல்லுவாங்க. அது பூக்கிற வருசம் காடெல்லாம் தேனீ இரையும்னு எங்க அப்பாயி சொல்லுவாங்க. அதுதானா சேர் இது?"

"அது வேறை தம்பி. குறிஞ்சி இந்தியாவிலதான் இருக்கு. நீ இரு."

வகுப்பு சிரித்தது. அவன் இருந்துவிட்டான். நானும் முல்லைத் திணைக்குப் போய்விட்டேன்.

நேயர்களே, 'அது வேறை' என்று நான் சொன்னேனே, அது வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் குறிஞ்சியையும் கண்டதில்லை, நெலுவையும் கண்டதில்லை. கண்டவன் அவன். காணாத நான் கண்ட அவனை இருத்திவிட்டேன். அன்று மாலை விடைத்தாள் திருத்த உட்கார்ந்தபோது 'நீ இரு' என்ற அந்தச் சொல் என் காதிலே திரும்பத் திரும்பக் கேட்டது.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அகராதிகள் எனக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. குறிஞ்சி என்ற சொல்லுக்கு நிலம், பண், ஒரு செடி என்பவற்றோடு செம்முள்ளி, மருதோன்றி என்றும் பொருள்கள் இருந்தன. சொல்லுக்குப் பொருள் சொல்லச் சொல்தான் வந்தது, செடி வரவில்லை. எமது கல்லூரியிலே தாவரவியல் படிப்பிக்கும் நண்பரிடம் போய் விடயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பொறுங்கோ, பூக்கிற வருஷம் வரட்டும். போய்ப் பார்ப்பம்" என்றார்.

அதிக காலம் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2013இல், ஹோட்டன் சமவெளியில் நெலு பூத்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. விடுமுறையிலே இருவரும் புறப்பட்டோம். மலைநாட்டுப் புகையிரதத்தில் ஏறி, பட்டிப்பொல நிலையத்தில் இறங்கினோம். நமது நாட்டுப் புகையிரதப் பாதையில் மிக உயரத்தில் இருக்கும் நிலையம் அது; கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல். யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பழகிய உடம்பு அங்கே விறைத்துப்போயிற்று. கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது என்பதைக் கட்டம் கீறிப் படிப்பித்தவனுக்கு, அது என்ன என்று அன்று விடியற்காலையில் என் பற்களே சொல்லித்தந்தன.

ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீற்றரிலிருந்து 2,300 மீற்றர் வரை உயர்ந்த நிலம். 1988இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் நமது மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. ஒருபுறம் பத்தனை என்று சொல்லப்படும் புல்வெளி. மறுபுறம் முகில் தவழும் காடு. மரங்கள் உயரமானவையல்ல, காற்றுக்கு வளைந்து குறுகி, பாசியும் இலிச்சனும் போர்த்து நிற்பவை. அந்த மரங்களுக்குக் கீழேதான் நெலு.

நான் எதிர்பார்த்தது ஒரு சிறு பூஞ்செடியை. கண்டதோ ஆளுயரத்துக்கு மேல் நெருங்கி வளர்ந்த புதரை. காட்டின் உள்ளே போகப் போக எங்கும் அதுவே. கிளைதோறும் ஊதாவும் இளநீலமும் வெள்ளையுமாகப் பூக்கள். உதிர்ந்தவை நிலத்திலே விரிப்பாகக் கிடந்தன.

நண்பர் என்னைப் பார்த்து, "இப்ப நிறத்தை மறந்துபோட்டுப் பாருங்கோ" என்றார். ஒரு பூவை அடையாளங் காண விரும்புகிறவன் முதலிலே ஏமாறுவது நிறத்தில்தானாம். ஒரே இனத்திலே வெள்ளையும் ஊதாவும் வரலாம். ஒரே பூவே விரியும்போது ஒரு நிறமாகவும் வாடும்போது இன்னொரு நிறமாகவும் இருக்கலாம். நிறத்தை விட்டு, வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலாவது தண்டு. இளந்தண்டு உருளையாக இல்லாமல் நான்கு விளிம்போடு இருந்தது. கணுக்கள் சற்றுப் பருத்திருந்தன. இரண்டாவது இலை. இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக நின்றன. ஆனால் ஒரு சோடியிலே இரண்டும் ஒரே அளவில்லை. ஒன்று பெரிது, மற்றது சிறிது. அண்ணனும் தம்பியும் ஒரே படியில் நிற்பது போல இருந்தது எனக்கு. இந்தக் குடும்பத்திலே இது முக்கியமான குறி என்றார். மூன்றாவது பூங்கொத்து. மொட்டுகள் பூவடிச்செதில்களால் மூடப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியிலை மரத்தின் கூம்பைப் போல இருந்தன. இந்தப் பேரினத்துக்குத் தாவரவியலாளர் இட்ட பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ். கிரேக்க மொழியிலே கூம்பு என்ற சொல்லையும் பூ என்ற சொல்லையும் சேர்த்து ஆக்கப்பட்ட பெயர் அது. நமது இலக்கணத்திலே காரணப்பெயர் என்போமே, அதுதான்.

நான்காவது பூவின் உள்ளமைப்பு. அவரிடம் கைவில்லை இருந்தது. தேசியப் பூங்காவிலே ஓர் இலையையேனும் பறிப்பது சட்டப்படி குற்றம். ஆகையால் உதிர்ந்து கிடந்த பூ ஒன்றின்மேல் வில்லையைப் பிடித்துக் காட்டினார். ஐந்து இதழ்களும் அடியிலே ஒன்றாகி ஒரு குழாயாக இருந்தன. குழாயின் உட்சுவரிலே இரண்டு வரிசை மெல்லிய மயிர்கள். அந்த இரண்டு வரிசைக்கும் இடையிலே சூல்தண்டு, உறையிலே வாள் கிடப்பது போலப் பிடிக்கப்பட்டுக் கிடந்தது. தேன் குழாயின் அடியிலே. அதை எடுக்க வேண்டுமானால் தேனீ தலையை நுழைத்து உள்ளே போக வேண்டும். போனால் மகரந்தம் உடம்பிலே படும். அதே உடம்போடு அடுத்த பூவுக்குள்ளே போகும்.

"இது எந்தக் குடும்பம் தெரியுமோ?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "எங்கட ஆடாதோடை, நீர்முள்ளி, நிலவேம்பு, கனகாம்பரம் எல்லாம் இந்தக் குடும்பந்தான்" என்றார். நான் வியந்துபோனேன். இருமலுக்கு அம்மா அவித்துத் தந்த ஆடாதோடை எங்கே, முகில் தவழும் இந்தக் காட்டு நெலு எங்கே! பள்ளிக்கூட வளவிலே மழைக்காலத்தில் முளைக்கும் ஊதாப் பூச்செடி ஒன்றின் காய்ந்த காயை எச்சிலில் நனைத்து, அது படீரென்று வெடிப்பதைப் பார்த்துச் சிறுவயதிலே சிரித்திருக்கிறோம் அல்லவா? அதுவும் இந்தக் குடும்பமே. நெலுவின் காயும் அப்படித்தான் வெடித்து விதையைத் தூர எறிகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு நண்பர் தமது குறிப்புப் புத்தகத்தில் இடம், உயரம், திகதி, செடியின் உயரம் எல்லாவற்றையும் எழுதினார். பேரினத்தின் பெயரைப் பேனாவால் எழுதினார். அடுத்து வரவேண்டிய இனத்தின் பெயரைப் பென்சிலால் எழுதினார். ஏன் என்று கேட்டேன். இலங்கையிலே நெலு என்பது ஒன்றல்ல. முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை உலகிலே வேறெங்கும் இல்லாமல் இந்நாட்டுக்கே உரியவை. தொட்டால் விரலில் ஒட்டும் பசைமயிர் உடையதற்கு விஸ்கோசா என்று பெயர். மிக அழகியது என்னும் பொருள்பட புல்கெரிமா என்று ஒன்று. ஆறாண்டு என்னும் பொருளுடைய செக்ஸெனிஸ் என்று இன்னொன்று. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்றைமன் 1893இலிருந்து வெளிவந்த தமது இலங்கைத் தாவர நூலிலே இவற்றையெல்லாம் விவரித்திருக்கிறார். "நூலிலை உள்ள குறி எல்லாம் ஒண்டு விடாமல் பொருந்தினாத்தான் பேனா. அதுவரைக்கும் பென்சில்" என்றார் நண்பர்.

நேயர்களே, அந்தப் பென்சில் என்னைச் சுட்டது. வகுப்பறையிலே நான் ஒருநாளும் பென்சிலால் எழுதியதில்லை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே வெண்கட்டியால் ஒரே அழுத்தத்தோடு எழுதியவன் நான்.

காலை எட்டு மணிவரை காடு மௌனமாக இருந்தது. பனிமூட்டம் விலகி வெயில் விழத் தொடங்கியதும் ஓர் இரைச்சல் எழுந்தது. முதலில் தூரத்திலே ஓடும் அருவி என்றே எண்ணினேன். அருவியல்ல, தேனீக்கள். மரப்பொந்திலே கூடு வைக்கும் சிறிய தேனீயும், பாறையிலும் உயர்ந்த கிளையிலும் பெரிய அடை தொங்கவிடும் மலைத்தேனீயும் வந்திருந்தன. பின்னதைச் சிங்களத்தில் பம்பரா என்பர். பூ மிகுந்த இடத்தைத் தேடிக் கூட்டங்கூட்டமாக இடம்பெயரும் இயல்பு அதற்கு உண்டு. 'காடெல்லாம் தேனீ இரையும்' என்று அந்தப் பையனின் அப்பாயி சொன்னது கவிதையல்ல, கண்ணாற் கண்ட செய்தி.

அந்த இரைச்சலின் நடுவே நின்றபோது எனக்குக் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு நினைவுக்கு வந்தது. தேவகுலத்தார் பாடியது. தலைவி தன் நட்பின் அளவைச் சொல்ல வரும்போது, தலைவனுடைய மலையைப் பற்றிக் கூறுகிறாள். அங்கே குறிஞ்சியின் தண்டு கரியது என்கிறாள். அந்தப் பூவைக் கொண்டு தேன் மிகுதியாக இழைக்கப்படும் நாடு என்கிறாள். இதை எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். தண்டின் நிறத்தை அடைமொழி என்று சொல்லிக் கடந்துபோவேன். தேனை மலைநாட்டு வளத்துக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லிக் கடந்துபோவேன். ஆனால் அந்தப் புலவர் என்ன செய்திருக்கிறார்? செடியை அடையாளங் காண ஒரு குறி தந்திருக்கிறார். அதனை நாடி வரும் உயிர் எது என்றும் சொல்லியிருக்கிறார். பூவின் நிறத்தை அவர் சொல்லவேயில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. நிறத்தை நம்பாதே, தண்டைப் பார், யார் வருகிறார்கள் என்று பார் என்று என் நண்பர் சொன்னதையே அவரும் சொல்லியிருக்கிறார்.

சங்கப் புலவர் பாடிய குறிஞ்சி என்று அறிஞர்கள் பொதுவாகக் கொள்வது நீலக்குறிஞ்சியை. அதுவும் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினமே, இனப்பெயர் குந்தியானா. தென்னிந்திய மலைகளுக்கே உரியது. நீலகிரி, கொடைக்கானல், மூணாறு மலைகளிலே, சோலைக்காடுகளை அடுத்த திறந்த புல்வெளிகளில், 1,300 மீற்றருக்கு மேற்பட்ட சரிவுகளில் வளர்கிறது. நெலு பெரும்பாலும் காட்டு மரநிழலில் உயர்ந்து வளர, நீலக்குறிஞ்சி வெட்டவெளியிலே முழங்காலளவும் இடுப்பளவுமாக நெருங்கி, பூக்கும் ஆண்டிலே மலையையே நீலமாக்கிவிடுகிறது. நீலகிரி என்ற பெயரே அதனால் வந்தது என்பாரும் உளர். 1982, 1994, 2006, 2018 எனப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது பூத்து வந்திருக்கிறது. மூணாற்றுப் பக்கத்து முதுவர் குடியினர் தம் வயதையே குறிஞ்சி பூத்த கணக்கில் எண்ணினர் என்பர்.

இந்தப் பூவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் உறவு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். கொடைக்கானலிலே குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று ஒரு முருகன் கோயில் இருக்கிறது. அதை 1936இல் எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். ஆஸ்திரேலியாவிலே பிறந்து, சைவத்தைத் தழுவி, மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட அம்மையார், குறிஞ்சி நிலத்துத் தெய்வத்துக்குக் குறிஞ்சி பூக்கும் மலையிலே கோயில் கண்டார்.

பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து ஏன் பூக்க வேண்டும்? இதற்கு விடையையும் அந்தப் பையனே முன்னர் சொல்லியிருந்தான் என்பது இன்னொரு வியப்பு. அன்று வகுப்பு முடிந்து போகும்போது அவன் பக்கத்துப் பிள்ளைக்குச் சொன்னது என் காதில் விழுந்தது: "நெலு காய்ச்சா காட்டுக்கோழி கீழயே இறங்காது." விதை முற்றும் காலத்திலே நம் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழிகள் கூட்டமாக வந்து நெலு விதையை உண்கின்றன. எலிகளும் வேறு பறவைகளும் வருகின்றன. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் காய்த்தால் விதையெல்லாம் இவற்றின் வயிற்றுக்குள்ளேயே போய்விடும். விதை உண்ணும் உயிர்களும் அதை நம்பியே பெருகிவிடும். ஆனால் பல ஆண்டு ஒன்றும் கொடாமல் இருந்து, திடீரென்று காடு முழுவதும் ஒரேயடியாகக் கொட்டினால்? உண்ணுகிறவர்கள் வயிறாற உண்டும் மிஞ்சும். மிஞ்சியது முளைக்கும். ஒருங்கே பூப்பதால் தேனீக்களும் பெருந்திரளாக வந்து சேர்கின்றன. விருந்துக்கு அழைத்தால் ஊரையே அழைக்க வேண்டும் என்பது செடியின் கொள்கை போலும்.

ஆனால் அந்த விருந்துக்குப் பின் அது இருப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டு சேர்த்ததெல்லாம் ஒரே பூப்பிலும் காய்ப்பிலும் செலவாகிவிட, தாய்ச் செடிகள் பட்டுப்போகின்றன. பின்பு காட்டுக்குள்ளே காய்ந்த தண்டுகள்தாம் நிற்கும். அவை விழுந்த இடத்திலே வெளிச்சம் புகும்; வெளிச்சத்திலே கன்றுகள் முளைக்கும். எல்லா நெலுவும் ஒரே கணக்கிலே பூப்பதில்லை. இனத்துக்கு இனம் காலம் வேறுபடும்.

இப்படி நீண்ட தவணையில் வாழும் செடிக்கு இடையிலே ஒரு கேடு வந்தால், அது அடுத்த பூப்பு வரும்வரை யாருக்கும் தெரியாது. பூக்குமுன் செடியை வெட்டினால் பன்னிரண்டு ஆண்டின் விதை முழுவதும் போயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையிலே குறிஞ்சிப் புல்வெளிகள் பல தேயிலைக்கும் யூக்கலிப்டசுக்கும் வாட்டில் மரத்துக்கும் இடங்கொடுத்துவிட்டன. கேரள அரசு 2006இல் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது. 2024இல் நீலக்குறிஞ்சி எளிதில் அழிவுக்குள்ளாகக்கூடிய இனமாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நமது ஹோட்டன் சமவெளியிலும் வெளிநாட்டிலிருந்து வந்த முட்புதர்கள் புல்வெளியிலே பரவுகின்றன. காட்டு மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகும் நோயும் இருக்கிறது. இவற்றோடு, பூத்த செய்தி கேட்டு ஓடிவந்து கிளையை முறித்துக்கொண்டு போகும் நம்மவர்களும் இருக்கிறோம். அன்று நாங்கள் திரும்பும் வழியிலே வாடிய நெலுக் கொத்துகள் பாதையோரம் எறியப்பட்டுக் கிடந்ததைக் கண்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய தேயிலைத் தோட்டங்கள் பல ஒரு காலத்திலே இத்தகைய காடுகளாக இருந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முதலிற் கோப்பிக்காகவும், 1869க்குப் பின் இலைநோய் கோப்பியை அழித்ததும் தேயிலைக்காகவும் அவை அழிக்கப்பட்டன. அந்த வேலைக்கென்று தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் சந்ததிதான் அந்தப் பையன். மலையும் மலை சார்ந்த இடமும் என்று நாம் மனனஞ் செய்கிறோம். இந்நாட்டிலே அந்த இடத்தில் வாழ்கின்ற தமிழர் அவர்கள். குறிஞ்சியைப் பற்றிக் கேட்க வேண்டியவர்களிடம் நான் கேட்கவில்லை. சொல்ல வந்தவனையும் இருத்திவிட்டேன்.

விடுமுறை முடிந்து முதல் நாள். மறுபடியும் அதே வகுப்பு. கரும்பலகையிலே குறிஞ்சி என்று எழுதிவிட்டு அவனை எழுப்பினேன்.

"தம்பி, போன வருஷம் நெலுவைப் பற்றி நீர் கேட்டது நினைவிருக்கோ?"

அவன் பயந்துபோய், "ஆமாங்க சேர்" என்றான்.

"நான் போய்ப் பார்த்தனான். உங்கட நெலுவும் சங்கப் புலவர் பாடின குறிஞ்சியும் ஒண்டல்ல. ஆனால் ஒரே பேரினம். ஒன்றுவிட்ட சகோதரங்கள் மாதிரி. தேனீ பற்றி உங்கட அப்பாயி சொன்னதும் சரி. காட்டுக்கோழி பற்றி நீர் சொன்னதும் சரி. ஒண்டும் பார்க்காமல் உம்மை இருத்தினது என்ரை பிழை."

இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "லீவுக்குப் போறப்ப அப்பாயிகிட்ட சொல்றேங்க சேர்" என்றான்.

"இப்ப நீர் இருக்க வேண்டாம். முன்னுக்கு வாரும். குறிஞ்சி நிலத்தைப் பற்றி நீர் சொல்லும், நான் கேக்கிறன்" என்றேன்.

அவன் வந்தான். ஐந்து நிமிடந்தான் பேசினான். மலையிலே பனி எப்போது இறங்கும், அப்பாயி பிறந்தது எந்த நெலுப் பூத்த வருசம் என்று அவன் சொல்லச் சொல்ல, கட்டத்திலே நான் எழுதியிருந்த சொற்களுக்கெல்லாம் உயிர் வந்தது. அதன் பிறகு ஐந்திணை படிப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் கட்டத்தைக் கீறுமுன் பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் ஊரிலே என்ன பூக்கிறது, அதிலே என்ன வந்து இருக்கிறது என்று கேட்கிறேன். நெய்தல் நிலத்துப் பிள்ளை சொல்லுகிறது, மருத நிலத்துப் பிள்ளை சொல்லுகிறது. எனக்குத் தெரியாததைப் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.

நண்பரின் குறிப்புப் புத்தகத்திலே அந்த இனப்பெயர் இன்னும் பென்சிலிலேயே இருக்கிறது. அதை நான் ஒரு குறையாகக் கருதவில்லை.